ஏழு யூரோ சிவப்பு வைனும் எங்கள் இறைச்சிக்கறியும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

"விருந்தாட்கள் வருகினம், பத்து யூரோவுக்குள்ள நல்ல சிவப்பு வைன் எது?" சனிக்கிழமை பின்னேரங்களில் கடையில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். ஒரு போத்தலைக் கைகாட்டிவிடலாம். ஏன் அது என்று சொல்லப் பின்னால் நிற்கும் வரிசை விடுவதில்லை. அதனால் ஆறுதலாக இங்கே எழுதுகிறோம்.

முதலில் காசுக் கணக்கு. 7 யூரோப் போத்தலில் 1.17 யூரோ தே.வே.ஆ. என்னும் விற்பனை வரி. மதுவரி, பிரான்சில் வைனுக்கு ஒரு போத்தலுக்கு ஏறக்குறைய 3 சதம்தான். கண்ணாடி, தக்கை, லேபல், பெட்டி, லொறிக்கூலி எல்லாம் 3 யூரோ வைனுக்கும் 7 யூரோ வைனுக்கும் கிட்டத்தட்ட ஒன்றே. ஆகவே 3 யூரோப் போத்தலில் திராட்சைக்கென்று மிஞ்சுவது சில்லறை. அதற்கு மேல் நீங்கள் கூட்டித் தரும் ஒவ்வொரு யூரோவிலும் பெரும்பங்கு உள்ளே இருக்கும் வைனுக்கே போகிறது. 6 முதல் 9 யூரோ வரை இந்தக் கணக்கு உங்கள் பக்கம். 15 யூரோவைத் தாண்டினால் ஊரின் பெயருக்கும், நிலத்தின் விலைக்கும், பீப்பாய்க்கும் சேர்த்துக் கட்டுகிறீர்கள். 225 லீற்றர் கொள்ளும் புது ஓக் பீப்பாய் ஒன்றின் விலை பல நூறு யூரோ, அதில் நிறைவது 300 போத்தல். மலிவான வைனில் வனிலா வாசமும் புகை வாசமும் தூக்கலாக இருந்தால் அது பெரும்பாலும் ஓக் சீவல்களின் வேலை. 2006 முதல் ஐரோப்பாவில் அதற்கு அனுமதி உண்டு. பிழையில்லை, ஆனால் அதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

இனி முக்கியமான விடயம். சிவப்பு வைனை விளங்கிக்கொள்ள எங்களுக்கு ஒரு சொல் ஏற்கெனவே கையில் இருக்கிறது: துவர்ப்பு. பாக்கைக் கடித்தால், வாழைக்காயைப் பச்சையாகக் கடித்தால், சாயம் கூடிய வெறுந்தேத்தண்ணியைக் குடித்தால் நாக்கைப் பிடிக்குமே, அதேதான். திராட்சையின் தோல், விதை, காம்பு ஆகியவற்றிலிருந்து இறங்கும் தனின் என்னும் துவர்ப்புப் பொருள் எச்சிலிலுள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் வாய் வறள்கிறது. தேத்தண்ணிக்குப் பால் விட்டால் துவர்ப்பு அடங்குவது போலவே, வெண்ணெய்க்கட்டியும் இறைச்சியும் கூட வந்தால் வைனின் துவர்ப்பு அடங்கும். உறைப்பு அப்படியில்லை. மிளகாய் எரிவு துவர்ப்பைக் கசப்பாக்கும், மதுவின் சூட்டையும் ஏற்றிவிடும். விலை கூடிய, துவர்ப்பு மிகுந்த இளம் போர்தோ வைனை ஆட்டிறைச்சிக் கறியோடு வைத்துவிட்டு "பேர்தான் பெரிசு, வைன் கசக்குது" என்று வருகிறவர்கள் வைனைக் குறை சொல்ல முடியாது. கறியையும் குறை சொல்ல முடியாது.

எங்கள் கறித்தூளோடு ஒத்துப்போவது துவர்ப்புக் குறைந்த, பழச்சுவை தூக்கிய, மது 13 சதவீதத்தைத் தாண்டாத வைன். இந்த விலையில் அதற்கு முதல் பெயர் பொஜொலே வில்லாஜ். கமே என்னும் திராட்சை. 1395ஆம் ஆண்டு புர்கோன் கோமகன் பிலிப், கமே கொடிகளைத் தன் நிலத்திலிருந்து பிடுங்கி எறியக் கட்டளையிட்டார். தெற்கே பொஜொலேயின் கருங்கல் மண்ணில் அது நன்றாகவே பிழைத்துக்கொண்டது. மட்டமான திராட்சை என்ற பழைய பெயர் இன்னும் முழுதாக அழியவில்லை, விலை எட்டக்கூடியதாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அங்கே குலைகளை நசுக்காமல் முழுதாகவே தொட்டியில் போட்டு மூடுவார்கள். நொதிப்பு பழத்துக்குள்ளேயே தொடங்குவதால் நிறமும் வாசமும் வரும், துவர்ப்பு அவ்வளவாக இறங்காது. நவம்பர் மூன்றாம் வியாழன் வரும் 'நூவோ' என்ற அந்த ஆண்டின் புது வைனையும் இதையும் ஒன்றாக எண்ண வேண்டாம். நூவோ அடுத்த வசந்தத்துக்குள் குடித்து முடிக்க வேண்டிய பொருள்.

இரண்டாவது, தெற்கு கோத் து றோன். கிரெனாஷ் திராட்சை அதிகம், கூடவே சிரா திராட்சை. மென்மையானது, ஆனால் மது 14 சதவீதத்தைத் தொடும், தாண்டியும் போகும். கறியில் உறைப்புக் குறைவாக, தேங்காய்ப்பால் கூடுதலாக இருந்தால் நல்ல சோடி. கொர்பியேர், மினெர்வுவா இரண்டும் தென்பிரான்சின் லாங்தொக் பகுதியவை, இரண்டுக்கும் 1985இல்தான் அப்பெலாசியோன், அதாவது சட்டம் காக்கும் ஊர்ப்பெயர், கிடைத்தது. அதற்கு முன் அந்தப் பக்கம் முழுவதும் தண்ணீர் மாதிரி மலிவு வைன் ஓடிய பூமி. 1907இல் விலை விழுந்து விவசாயிகள் தெருவில் இறங்கியதும் அங்கேதான். பெயர் இன்னும் முழுதாக ஏறாததால் 7, 8 யூரோவுக்குப் பழைய கொடிகளின் சரக்கு கிடைக்கிறது. துவர்ப்பும் காட்டுமூலிகை வாசமும் உண்டு. உப்பும் மிளகும் மட்டும் போட்டுச் சுட்ட ஆட்டிறைச்சிக்கு எங்கள் தட்டில் இதைவிடப் பொருத்தமானது இல்லை. தென்மேற்குப் பிரான்சின் மதிரான், கஓர் வைன்கள் இரண்டும் துவர்ப்பில் தலை. உறைப்புக் கறிக்குத் தயவுசெய்து எடுக்காதீர்கள்.

மீன் குழம்பு, கணவாய், இறால் என்றால் சிவப்பையே விட்டுவிடுங்கள். சிவப்பு வைனில் கரைந்திருக்கும் இரும்பு மீனெண்ணெயோடு சேர்ந்து வாயில் தகரச் சுவை கொடுக்கும். ரோசே என்னும் இளஞ்சிவப்பு வைன் எடுங்கள். பாயாசம், கேசரிக்கு முன்பே கிளாஸைக் காலி செய்துவிடுவது நல்லது, இனிப்புக்குப் பின் எந்தச் சிவப்பும் புளிக்கும்.

லேபலில் எதைப் பார்ப்பது? 'ஷாத்தோ' என்ற சொல்லும் அரண்மனைப் படமும் தோட்டத்தின் பெயரைச் சொல்லும், தரத்தைச் சொல்லாது. 'கிரான் வான் து போர்தோ' (போர்தோவின் பெரிய வைன்), 'வியேய் வீன்' (பழைய கொடிகள்) இரண்டும் கேட்க நன்றாக இருக்கும், சட்டத்தில் தரவரிசை எதுவும் இல்லை. பிரெஞ்சு வைனில் 'ரெசேர்வ்' என்பதும் அப்படித்தான். ஸ்பெயினின் ரியோகா வேறு: அங்கே 'கிரியான்சா' என்று சிவப்பில் எழுத 2 ஆண்டு முதிர வேண்டும், அதில் குறைந்தது ஓர் ஆண்டு பீப்பாயில். எனவே அதே விலையில் அந்தச் சொல்லை நம்பலாம். பின்பக்கம் 'மிஸ் ஆன் புத்தேய்' (போத்தலில் நிரப்பியது) என்ற வரியைத் தேடுங்கள். அதற்குப் பின் 'ஓ தொமேன்', 'ஓ ஷாத்தோ', 'ஆ லா ப்ரொப்ரியெத்தே' என்று வந்தால் விளைந்த இடத்துக்காரரே, அல்லது அவர்களின் கூட்டுறவே நிரப்பியது. கூட்டுறவு என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். றோன் பக்கத்தில் மலிவு விலைக்கு நல்ல வைன் பல கூட்டுறவுகளிலிருந்தே வருகிறது. ஆண்டைப் பொறுத்தவரை, இந்த விலை வைன் அறுவடையிலிருந்து 2 முதல் 4 ஆண்டுக்குள் குடிக்க. பழசானால் தங்கமாகும் என்று அலுமாரிக்குள் வைத்தால் பழச்சுவை போய்ப் புளிப்புத்தான் மிஞ்சும்.

நல்ல வைன் வீட்டில் கெடுவதற்கு முதற்காரணம் சூடு. 'அறை வெப்பநிலை' என்று சொன்ன காலத்தில் இங்கே அறைகள் 16, 17 பாகையில் இருந்தன. இப்போது ஹீற்றர் போட்ட வீடு 21, 22. அந்தச் சூட்டில் பழவாசத்தை மது ஆவி மூடிவிடும். பொஜொலே 12 முதல் 14, மற்றவை 16 முதல் 17 பாகை. கோத் து றோனை ஊற்ற 20, 30 நிமிடத்துக்கு முன் பிரிட்ஜில் வையுங்கள், பொஜொலேயை ஒரு மணி நேரம். அவசரமென்றால் ஐஸும் தண்ணீரும் கலந்த வாளியில் 8 நிமிடம் போதும். வெறும் ஐஸில் போட்டால் நேரம் பிடிக்கும். துவர்ப்புக் கூடியதை மட்டும் அதிகம் குளிரவிடாதீர்கள், குளிரில் துவர்ப்பு முறுகும். கிளாஸை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம், வாசம் நிற்க இடம் வேண்டும்.

மிஞ்சியதைத் தக்கை போட்டுப் பிரிட்ஜிலேயே வையுங்கள், சிவப்பானாலும். 2, 3 நாள் தாங்கும். அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் மறுநாளே சுவை கெட்டுவிடும். பாதிப் போத்தல்தான் குடிப்பீர்கள் என்று தெரிந்தால், திறந்தவுடனேயே மறுபாதியைக் கழுவிய சிறு போத்தலில் வாய் முட்ட ஊற்றி மூடுங்கள். காற்றுக்கு இடமில்லாவிட்டால் ஒரு வாரம் வரை நல்லது. அன்றாடம் ஒரு கிளாஸ் எடுப்பவருக்குப் பை வைத்த பெட்டி வைன் பொருத்தம். வைன் குறையக் குறையப் பை சுருங்குவதால் திறந்த பின் 4 முதல் 6 வாரம் நிற்கும். ஆனால் பை பிளாஸ்ரிக், காற்று மெதுவாக ஊடுருவும், ஆகவே வாங்கும்போது நிரப்பிய திகதியைப் பாருங்கள். விழாவுக்குக் கணக்கு: 12 சென்ரிலீற்றர் வீதம் ஒரு போத்தலுக்கு 6 கிளாஸ். 20 பேருக்கு இரண்டு கிளாஸ் வீதம் 7 போத்தல், அல்லது 5 லீற்றர் பெட்டி ஒன்று.

நனைந்த சாக்கு, ஈரக் கடதாசிப் பெட்டி மணந்தால் அது தக்கைக் குற்றம். காற்றாட விட்டாலும் போகாது. வினாகிரி அல்லது நகப்பூச்சு மணமும் திரும்பாது. அழுகிய முட்டை அல்லது தீக்குச்சி மணம் வேறு: ஜாடியில் ஊற்றி அரைமணி நேரம் விட்டால் பெரும்பாலும் பறந்துவிடும். அடியில் கற்கண்டுத் தூள் போல் கிடப்பது திராட்சையின் சொந்த அமில உப்பு, கண்ணாடி இல்லை, தீங்கும் இல்லை. சல்பைட்டால் தலையிடி என்பவர்களுக்கு ஒரு கணக்கு: உலர் சிவப்பு வைனுக்கு ஐரோப்பாவில் உச்சவரம்பு லீற்றருக்கு 150 மில்லிகிராம், வெள்ளைக்கு 200. சிவப்பு மட்டும் தலையிடித்தால் காரணம் வேறாக இருக்கலாம். ஆஸ்துமா உள்ளவர்கள் மட்டும் வைத்தியரிடம் கேளுங்கள்.

13.5 சதவீத வைன் ஒரு போத்தலில் ஏறக்குறைய 81 கிராம் மது, 10 கிராம் ஓர் அலகு என்ற கணக்கில் 8 அலகு. நாளுக்கு 2 அலகைத் தாண்டாமல், வாரத்துக்கு 10 அலகைத் தாண்டாமல், குடிக்காத நாள்களும் வைத்து என்பது பிரெஞ்சுச் சுகாதார அறிவுரை. கர்ப்பிணிகளுக்கு ஒரு துளியும் இல்லை. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை அனுப்பி வாங்கச் சொல்லாதீர்கள், நாங்கள் தர முடியாது.

தக்கைக் குற்றமென்று பட்டால் கொட்டிவிட வேண்டாம். ஒரு கிளாஸுக்கு மேல் குடிக்காமல், தக்கையையும் சேர்த்து, 48 மணி நேரத்துக்குள் கொண்டு வாருங்கள். மணந்து பார்த்து மாற்றித் தருகிறோம்.

அன்புடன்,
கடையினர், பாரிஸ்