சாதனைப் பட்டியலில் நான்காவது கட்டம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் சாதனைகளைத் தமிழில் பட்டியல் போடும்போது பெயர், எண்ணிக்கை, ஆண்டு என்ற மூன்று கட்டங்களோடு நிறுத்திவிடுகிறார்கள். 'எந்த சீசனிலிருந்து கணக்கு' என்று நான்காவது கட்டம் ஒன்று கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் மாபெரும் ஆட்டக்காரர்கள் சிலருக்கே அநியாயம் நடந்துவிடுகிறது.

எதிரணியினர் கூடைக்கு எறியும் பந்தைத் தட்டித் தடுக்கும் பிளாக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஆட்டத்தில் 17 பிளாக் செய்த எல்மோர் ஸ்மித்தின் பெயர் 1973 அக்டோபரிலிருந்து முதலிடத்தில் இருக்கிறது. பிளாக்கையும், எதிராளியிடமிருந்து பந்தைப் பறிக்கும் ஸ்டீலையும் லீக் எண்ணத் தொடங்கியதே அந்த 1973-74 சீசனில்தான். கூடைக்குப் போகும் பந்தை வெளியே அடித்துத் தள்ளாமல், தன் அணிக்காரர் கைக்கே போய்ச் சேரும்படி மெல்லத் தட்டிவிடுவார் பில் ரஸ்ஸல். அவர் 1969இல் ஓய்வு பெற்றுவிட்டார். வில்ட் சேம்பர்லின் என்.பி.ஏ.வில் கடைசியாக ஆடியது 1972-73இல். அதிகாரப்பூர்வக் கணக்கில் இருவருக்கும் ஒரு பிளாக் கூட இல்லை. அந்த இடத்தில் பூஜ்யம் அச்சிடுவது தவறு. சிறு கோடு போட்டு, 'அப்போது எண்ணப்படவில்லை' என்று கீழே குறிப்பிடுவதுதான் முறை. பந்தை எதிரணியிடம் இழக்கும் டர்ன்ஓவரின் கணக்கு இன்னும் பிந்தியது, 1977-78.

புள்ளிகளில் வேறு விதமான சிக்கல். 1950 நவம்பர் 22 அன்று ஃபோர்ட் வெய்ன் பிஸ்டன்ஸ் மினியாபோலிஸ் லேக்கர்ஸை 19-18 என்று வென்றது. பந்தைக் கையில் வைத்துக்கொண்டே நேரத்தைக் கடத்தலாம் என்ற காலம் அது. சிரக்யூஸ் அணியின் உரிமையாளர் டேனி பயசோன் இதற்கு ஒரு வழி சொன்னார்: பந்து வைத்திருக்கும் அணி குறிப்பிட்ட விநாடிகளுக்குள் ஷாட் எடுத்தாக வேண்டும். விறுவிறுப்பான ஆட்டத்தில் இரு அணிகளும் சேர்ந்து சுமார் 120 ஷாட் எடுக்கும். ஆட்ட நேரம் 48 நிமிடம், அதாவது 2,880 விநாடி. வகுத்தால் 24. அந்த 24 விநாடிக் கடிகாரம் 1954-55இல் வந்ததும், அணியின் சராசரி 79 புள்ளியிலிருந்து 93க்கு ஏறியது. அதற்கு முந்தைய சீசன்களையும் பிந்தையவற்றையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

1961-62இல் சேம்பர்லினின் சராசரி ஆட்டத்துக்கு 50.4 புள்ளி, 48.5 நிமிடம். 48 நிமிட ஆட்டத்தில் 48.5 எப்படி என்று அச்சுப்பிழையாக நினைத்துத் திருத்திவிட வேண்டாம். கூடுதல் நேர ஆட்டங்களையும் சேர்த்த சராசரி அது. அதே சீசனில், 1962 மார்ச் 2 அன்று, ஹெர்ஷி நகரில் அவர் எடுத்த 100 புள்ளிகளுக்குக் காணொளி கிடையாது. ஸ்கோர் ஷீட்டைக் கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம்: ஆட்டத்தின் போக்கில் போட்ட கூடைகளான ஃபீல்டு கோல் 36, தலா இரண்டாக 72; ஃபவுலுக்குக் கிடைக்கும், தலா ஒரு புள்ளியுள்ள ஃப்ரீ த்ரோ 32இல் 28. மொத்தம் 100. வெளியிலிருந்து போடும் கூடைக்கு மூன்று புள்ளி தரும் மூன்று புள்ளிக் கோடு 1979-80இல்தான் வந்தது என்பதால், பழைய எண்களை இப்படி எளிதாகச் சரிபார்க்கலாம்.

அந்தக் கோடும் ஒரே இடத்தில் இருந்ததில்லை. 1994-95 முதல் மூன்று சீசன்களுக்கு எல்லாப் பக்கமும் 22 அடிக்குக் கிட்டே கொண்டுவந்தார்கள். பிறகு கூடைக்கு நேரெதிரே உள்ள உச்சியில் பழையபடி 23 அடி 9 அங்குலம் ஆனது. டென்னிஸ் ஸ்காட் 1995-96இல் போட்ட 267 மூன்று புள்ளிக் கூடைகள் இந்தக் கிட்டக் கோட்டிலிருந்து. ஸ்டீபன் கரி 2015-16இல் போட்ட 402 தூரக் கோட்டிலிருந்து.

கோப்பைகளிலும் கவனம் வேண்டும். இப்போது லாஸ் ஏஞ்சலஸில் இருக்கும் லேக்கர்ஸின் 17 பட்டங்களில் 5, முன்பு மினியாபோலிஸில் இருந்தபோது வென்றவை. அவற்றிலும் 1949ஆம் ஆண்டுப் பட்டம் பி.ஏ.ஏ. என்ற பழைய பெயரில் லீக் நடந்தபோது கிடைத்தது. ரஸ்ஸல் 13 சீசனில் 11 கோப்பை வென்றபோது லீக்கில் 8 முதல் 14 அணிகளே இருந்தன. பெரும்பாலான ஆண்டுகளில் அவரது பாஸ்டன் அணி, ரெகுலர் சீசன் முடிந்தபின் நடக்கும் பிளே ஆஃப் சுற்றில் இரண்டு தொடர் வென்றாலே பட்டம். இன்று நான்கு தொடர், 16 வெற்றி. ஆனாலும் அதைச் சுலபம் என்று நான் சொல்லமாட்டேன். அணிகள் குறைவு என்றால், சேம்பர்லின் போன்றவரையே அடிக்கடி எதிர்கொள்ள வேண்டியிருந்தது.

கடைசியாக, ரெகுலர் சீசனையும் பிளே ஆஃபையும் கூட்டிவிடாதீர்கள். கரீம் அப்துல் ஜபாரின் 38,387 புள்ளிகளும், 2023 பிப்ரவரி 7 அன்று லெப்ரான் ஜேம்ஸ் அதைத் தாண்டியதும் ரெகுலர் சீசன் கணக்கு மட்டுமே. 2023 டிசம்பரில் நடந்த சீசன் இடைக் கோப்பையின் இறுதி ஆட்டம் இரண்டிலுமே சேராது. அதில் அந்தோணி டேவிஸ் எடுத்த 41 புள்ளிகளை அவரது சீசன் மொத்தத்தில் சேர்த்தால் கணக்கு தப்பாகிவிடும்.

இப்படிக்கு,
கூடைப்பந்து வாசகர் ஒருவர்,
திருச்சி.