எந்த இலை முதலில் வெளுத்தது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடலையோ நெல்லோ உளுந்தோ, பயிர் வெளுத்துத் தெரிந்தவுடன் தழைச்சத்து (நைட்ரஜன்) உரமான யூரியாவை வாங்கித் தூவிவிடுவது எங்கள் பகுதியில் வழக்கமாகிவிட்டது. மானிய விலையில் மலிவாகக் கிடைப்பதும் உரக்கடையில் முதலில் எடுத்துத் தருவதும் அதுவே என்பதால், விவசாயியை மட்டும் இதில் குறை சொல்வதற்கில்லை. ஆனால் இலை பச்சையத்தை இழப்பதற்குக் காரணங்கள் பல உண்டு என்பதையும், அவற்றுள் எது என்பதைப் பெரும்பாலும் செடியே காட்டிக்கொடுக்கிறது என்பதையும் நான் நட்டப்பட்ட பிறகே கற்றுக்கொண்டேன்.

சுக்கான் கல் (சுண்ணாம்புக் கல்) கலந்த என் நிலத்தில் விதைத்த கடலை ஒரு மாதத்திற்குள் வெளுக்கத் தொடங்கியது. இரண்டு முறை யூரியா இட்டேன். பயிர் தேறவில்லை, கொழுந்து இலைகளில் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இடைப்பகுதி மஞ்சளாகி, பின்னர் காகிதம்போல் வெள்ளையாகவே மாறிவிட்டது. பணி ஓய்வு பெற்ற வேளாண் அலுவலர் ஒருவர் வயலில் இறங்கியதும் கேட்டது ஒன்றைத்தான்: "முதலில் வெளுத்தது அடி இலையா, நுனி இலையா?"

அந்தக் கேள்விக்குள் முழு விளக்கமும் அடங்கியிருக்கிறது. பச்சைய மூலக்கூறின் நடுவில் ஒரு மக்னீசிய அணுவும் அதைப் பற்றிக்கொண்டு நான்கு நைட்ரஜன் அணுக்களும் உள்ளன. இவ்விரு சத்துகளும் செடிக்குள் இடம்பெயரக் கூடியவை என்பதால், பற்றாக்குறை ஏற்படும்போது செடி தன் முதிர்ந்த இலைகளிலிருந்து அவற்றை எடுத்துக் குருத்துக்கு அனுப்பிவிடுகிறது. ஆகவே அடி இலைகள் முதலில் பழுக்கின்றன. இலை முழுவதும் ஒரே சீராக மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. நரம்பு பச்சையாக இருந்து இடைப்பகுதி மட்டும் வெளுத்தால் பெரும்பாலும் மக்னீசியக் குறைவு. இரும்பின் கதை வேறு. அது பச்சையத்தின் உறுப்பு அன்று. ஆயினும் பச்சையம் உருவாக அது இன்றியமையாதது. பழைய இலையில் சேர்ந்துவிட்ட இரும்பு குருத்துக்கு எளிதில் நகர்வதில்லை என்பதால், அதன் குறைவு நுனியிலேயே தெரிகிறது.

என் மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. சுண்ணாம்பு மிகுந்து காரத்தன்மை ஏறிய மண்ணில் அது கரையாமல் முடங்கிக் கிடக்கிறது, வேருக்கு எட்டுவதில்லை. அந்த அலுவலர் சொன்னபடி, பத்து லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் அன்னபேதி உப்பும் (இரும்பு சல்பேட்) 10 கிராம் சிட்ரிக் அமிலமும் கலந்து, பத்து நாள் இடைவெளியில் இலைவழியாகத் தெளித்தேன். அதன்பின் விரிந்த இலைகள் பச்சையாகவே விரிந்தன. இது புதிய கண்டுபிடிப்பும் அன்று. வெளுத்த செடிக்கு இரும்பு உப்புக் கரைசல் பசுமையை மீட்டுத் தருவதைப் பிரான்சு நாட்டு ஆய்வாளர் யூசெப் கிரி 1840களிலேயே காட்டிவிட்டார்.

உளுந்தின் நிலைமை இன்னும் கவலைக்குரியது. மஞ்சளும் பச்சையும் திட்டுத்திட்டாகக் கலந்து தெரிந்தால் அது வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் தேமல் நச்சுயிரி நோய். எந்த உரமும் அதைத் தீர்க்காது. தொடக்கத்திலேயே அந்தச் செடிகளைப் பிடுங்கி அழிக்க வேண்டிய நாட்களில் யூரியாவை இட்டுக்கொண்டிருந்தால், நோய் வயல் முழுவதும் பரவ நாமே காலம் கொடுத்தவர்களாகிறோம். தண்ணீர் தேங்கி வேர் மூச்சுத் திணறினாலும் இலை மஞ்சளாகும். அங்கே முதல் மருந்து வடிகால்.

2015 முதல் வழங்கப்படும் மண்வள அட்டையில் இரும்பு, துத்தநாகம் உள்ளிட்ட 12 விவரங்கள் இடம்பெறுகின்றன. ஆனால் வயலில் நிற்கும்போது உதவுவது அட்டையிலுள்ள எண்களைவிடக் கண்ணால் ஒப்பிட்டுப் பார்க்கக்கூடிய படமே என்பது என் அனுபவம். நெல்லுக்குத் தழைச்சத்தை அளவிட இலை வண்ண அட்டை இருப்பதுபோல், கடலைக்கும் உளுந்துக்கும் அடி இலை வெளுப்பு, நுனி இலை வெளுப்பு, தேமல் ஆகிய மூன்றின் வண்ணப் படங்களையும் ஒரே தாளில் அச்சிட்டு, வேளாண்மைத் துறை ஒவ்வொரு உரக்கடையிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் ஒட்டச் செய்ய வேண்டும். அதுவரை, தங்கள் நாளிதழின் வேளாண் பக்கத்தில் ஆடிப்பட்ட விதைப்புக்கு முன்பாக அப்படங்களை நிறம் மாறாமல் வெளியிட்டால், வெட்டி எடுத்து வயலுக்குக் கொண்டுபோக எங்களுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு கடலை விவசாயி,
திருப்பூர் மாவட்டம்.