கிளையில் ஸ்டென்ட் வைக்காமல் விடுவது அரைகுறை வைத்தியம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

"ரெண்டு இடத்துல அடைப்பு என்று சொல்லிவிட்டு ஒரே ஸ்டென்ட்டோடு அனுப்பிவிட்டார்கள்" என்று, இதய ரத்தக் குழாயை விரித்துப் பிடிக்க வைக்கும் ஸ்டென்ட் எனும் சிறு கம்பி வலைக் குழல் பற்றி வாசகர் ஒருவர் உங்கள் கடிதப் பகுதியில் வருத்தப்பட்டிருந்தார். சேலத்தில் கேத் லேப் (இதயக் குழாய்களைப் படம் பிடித்து அடைப்பைச் சரிசெய்யும் அறை) செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இதே வருத்தத்தை வார்டு வாசலில் எத்தனையோ குடும்பங்கள் என்னிடம் சொல்லியிருக்கின்றன.

ஏற்காட்டில் காப்பி எஸ்டேட் வேலை பார்த்த ஒருவரின் மகன், அப்பாவின் ஆஞ்சியோ (சாயம் செலுத்தி எடுக்கும் ரத்தக் குழாய் எக்ஸ்ரே படம்) சிடியை லேப்டாப்பில் போட்டு, நிறுத்தி நிறுத்திக் காட்டினார். "சிஸ்டர், இந்தக் கிளை முன்னாடியைவிட இப்பத்தான் ஒடுங்கித் தெரியுது. இதை ஏன் விட்டாங்க?" நியாயமான கேள்வி. படத்தில் அப்படித்தான் தெரியும்.

ரத்தக் குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் அடைப்பு இருந்தால், முதலில் இரண்டு பக்கமும் மெல்லிய வயரை அனுப்பி வைப்பார்கள். பிறகு பெரிய குழாயில் ஸ்டென்ட்டை விரிப்பார்கள். அப்போது அதன் கம்பி வலை கிளையின் வாய்க்குக் குறுக்கே படியும்; கொழுப்புப் படிவும் கொஞ்சம் அந்தப் பக்கம் ஒதுங்கும். அதனால்தான் கிளை ஒடுங்கித் தெரிகிறது. ஆனால் படத்தில் ஒடுங்கித் தெரிவது எல்லாம் ரத்த ஓட்டத்தைத் தடுப்பதில்லை. 2005இல் வெளிவந்த கொரிய ஆய்வு ஒன்றில், 75 சதவீதத்துக்கு மேல் அடைத்ததாகத் தெரிந்த 73 கிளைகளில் அழுத்தத்தை அளந்து பார்த்தார்கள். உண்மையிலேயே ஓட்டம் குறைந்திருந்தது 20 கிளைகளில் மட்டும். ஓட்டம் நன்றாக இருந்தால் கிளையை அப்படியே விடுவார்கள். இல்லையென்றால் வலைக்கண் வழியாக வயரை நுழைத்து, இரண்டு பக்கமும் பலூன் வைத்து ஒரே நேரத்தில் ஊதுவார்கள். அதுவும் போதவில்லை என்றால்தான் இரண்டாவது ஸ்டென்ட்.

முதலிலேயே இரண்டு வைத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். பிரிட்டனில் 500 பேரிடம் அதைத்தான் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முடிவு 2010இல் வந்தது. ஒன்பது மாதத்துக்குள் மரணம், மாரடைப்பு, மறுபடி அடைப்பு என்று ஏதாவது வந்தவர்கள் ஒரு ஸ்டென்ட்டோடு தொடங்கும் எளிய முறையில் 8 சதவீதம், இரண்டு ஸ்டென்ட் முறையில் 15.2 சதவீதம். அதோடு சிகிச்சை நேரமும் ஏறும், எக்ஸ்ரேயும் ஏறும், சாயமும் கூடுதலாகப் போகும். சர்க்கரை நோயால் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்குச் சாயம் ஏற ஏற எங்களுக்கு வயிற்றைக் கலக்கும்.

ஆனால் எல்லோருக்கும் ஒன்றே போதும் என்று நான் சொல்லவில்லை. இதயத்தின் பெரும்பகுதிக்கு ரத்தம் தரும் இடது முதன்மைக் குழாய் பிரியும் இடமே அடைத்து, கிளையும் பெரிதாக இருந்து, அதற்குள்ளும் அடைப்பு நீளமாகப் போனால் கதையே வேறு. கிளையில் முதலில் ஒரு ஸ்டென்ட் வைத்து, பெரிய குழாய்க்குள் நீட்டிக்கொண்டிருக்கும் அதன் நுனியைப் பலூனால் சுவரோடு நசுக்கி, பெரிய குழாய் ஸ்டென்ட்டுக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை இரட்டைப் பலூன் ஊதும் 'டிகே கிரஷ்' முறை இருக்கிறது. இடது முதன்மைக் குழாய் நோயாளிகள் 482 பேரிடம் சீன மருத்துவர்கள் தலைமையில் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், ஓராண்டுக்குள் சிகிச்சை தோற்றது இந்த முறையில் 5 சதவீதம், எளிய முறையில் 10.7. ஆனால் 2021இல் வந்த ஐரோப்பிய ஆய்வில், அதே இடத்தில் எளிய முறையில் தொடங்கியவர்களுக்கும் முதலிலேயே இரண்டு ஸ்டென்ட் வைத்தவர்களுக்கும் முடிவு ஏறக்குறைய சமமாகவே வந்தது. கிரஷ் நன்றாகக் கைவந்த மருத்துவரா என்பதும் இதில் சேரும். நான் பார்த்தவரை அதுதான் பெரிய விஷயம்.

இன்னொரு பக்கம், இரண்டு வைத்தால் "காசுக்காக வெச்சுட்டாங்க" என்ற பேச்சும் கேட்டிருக்கிறேன். 2017இல் மத்திய அரசு ஸ்டென்ட்டுக்கு விலை உச்சவரம்பு கொண்டுவந்த பிறகும் அது நிற்கவில்லை. ஒன்று வைத்தாலும் சந்தேகம், இரண்டு வைத்தாலும் சந்தேகம். சிகிச்சைக்கு முன்பே ஒரு தாளில் கவட்டை போல் கோடு போட்டு, "கிளையை இப்படி விடலாம், தேவைப்பட்டால் இப்படிச் செய்வோம்" என்று மருத்துவர் ஐந்து நிமிடம் சொன்னால் பாதிச் சண்டை வராது. குடும்பத்தாரும் கேட்க வேண்டும்: கிளை எவ்வளவு பெரியது, அடைப்பு அதற்குள் எவ்வளவு தூரம் போகிறது?

அப்புறம் மாத்திரை. ஸ்டென்ட் ஒன்றோ இரண்டோ, ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரைகளை மருத்துவர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. பிரியும் இடத்தில் வலை மேல் வலை இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மலை மேல் இருப்பவர்கள் கீழே இறங்கும்போதே அடுத்த மாதத்துக்கும் சேர்த்து வாங்கிப் போகட்டும். பல் பிடுங்கப் போனால்கூட இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம். உங்கள் மருத்துவப் பக்கத்தில் இதைப் படத்தோடு ஒருமுறை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
அஸ்தம்பட்டி, சேலம்-7.