உப்பு, சீனி, படிகாரம் மூன்றுக்கும் ஒரே செய்முறை ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் சிறுவர் பகுதியில், வீட்டில் படிகம் வளர்ப்பது பற்றி வந்த குறிப்பைப் படித்து இதை எழுதுகிறேன். உப்போ சீனியோ படிகாரமோ எதுவானாலும் கொதிநீரில் கரைகிற மட்டும் கரைத்து, ஒரு நூலைத் தொங்கவிட்டு, மறுநாள் காலையில் பார்க்கச் சொல்லியிருந்தீர்கள். படிகாரம் போட்ட பிள்ளைக்கு மறுநாள் ஏதோ கிடைத்திருக்கும். சீனி போட்டவனுக்குப் பாகில் நனைந்த நூல்தான் மிஞ்சியிருக்கும். உப்புப் போட்டவளுக்கு டம்ளரின் அடியில் கொஞ்சம் பொடி. தன் கையில் ஏதோ கோளாறு என்று அந்தப் பிள்ளை நினைத்துக்கொள்ளும். கோளாறு குறிப்பில்தான்.

100 மில்லி தண்ணீரில் அறை வெப்பத்தில் சுமார் 36 கிராம் உப்பு கரையும். அதே தண்ணீர் கொதிக்கும்போதும் 39 கிராம்தான் கரைகிறது. ஆகவே கொதிக்கக் கொதிக்கக் கரைத்து ஆற வைத்தாலும் வெளியே வருவது வெறும் 3 கிராம். படிகாரத்தின் கதை வேறு. 20 டிகிரியில் 100 மில்லிக்கு ஏறத்தாழ 12 கிராம் கரையும்; 60 டிகிரியில் 50 கிராமுக்கு மேல். ஆற ஆற அந்த வித்தியாசம் அத்தனையும் வெளியே வந்தாக வேண்டும். சீனியோ 20 டிகிரியிலேயே 200 கிராம் கரையும், கொதிநிலையில் 480 கிராமைத் தாண்டும். கணக்குப்படி ஏராளமாக வெளிவர வேண்டியதுதான். ஆனால் அந்தப் பாகு கெட்டியாக இருப்பதால் சீனி மூலக்கூறுகள் நகர்ந்து போய் ஒட்டிக்கொள்ள நாள் கணக்காகும். ஆகப் படிகாரத்தை ஆற வைக்க வேண்டும், உப்பைக் காய வைக்க வேண்டும், சீனியைத் தொடாமல் வைக்க வேண்டும்.

முதலில் உப்பு. நம் மொரிஷியஸின் மேற்குக் கரையில் தாமரின் பக்கம் கருங்கல் பாத்திகளில் கடல்நீரைத் தேக்கி, வெயிலுக்கும் காற்றுக்கும் விட்டு உப்பு எடுத்த முறையேதான் சமையலறைக்கும். 200 மில்லி வெந்நீரில் 75 கிராம் கல்லுப்பைக் கலக்கி, ஆறிய பிறகு காபி வடிகட்டும் தாளில் வடித்து, அடி தட்டையான கருநிறத் தட்டில் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு ஊற்றி வையுங்கள். நூல் வேண்டாம். காற்று நன்றாக ஓடும் இடமானால், ஓரிரண்டு நாளில் மேற்பரப்பில் கடுகளவு சதுரச் சில்லுகள் மிதப்பதைப் பார்க்கலாம். பூதக்கண்ணாடி வழியே பார்த்தால் ஒவ்வொன்றும் நடுவில் குழிந்து, படிப்படியாக உள்ளே இறங்கும் தலைகீழ்ப் பிரமிடாக இருக்கும். தண்ணீர் வேகமாக ஆவியாகும்போது விளிம்புகளுக்குத்தான் உப்பு முதலில் போய்ச் சேருகிறது, நடுப்பகுதி பின்தங்கிவிடுகிறது. சில்லு கொஞ்சம் கனத்துத் தாழ, நீர்மட்டத்தில் அடுத்த சதுரம் அதைச் சுற்றிக் கட்டப்படுகிறது. இதைப் பிள்ளைகளுக்குக் காட்டாமல் விடுவது பெரிய நஷ்டம். தட்டின் மேல் ஒரு தாளை மூடி ஆவியாதலை மெதுவாக்கினால் குழிவில்லாத, கண்ணாடி போன்ற கனசதுரங்கள் அடியில் உருவாகும்.

இரண்டு இடத்தில் உப்பு ஏமாற்றும். பாக்கெட்டில் வரும் தூள் உப்பில் கட்டிபிடிக்காமல் இருக்க ஏதாவது சேர்த்திருப்பார்கள். உறையில் ஈ 535 அல்லது ஈ 536 என்று இருந்தால் அது ஃபெரோசயனைடு வகை. சமையலில் சேரும் அளவில் கெடுதல் இல்லை. ஆனால் படிக முகங்களில் போய் உட்கார்ந்து, அவை ஒழுங்காக வளரவிடாமல் தடுத்துவிடும். சதுரம் வர வேண்டிய இடத்தில் பெரணி இலைபோலக் கிளைவிட்ட வெள்ளைப் பூச்சு வரும். அழகாகத்தான் இருக்கும், ஆனால் உப்பின் இயல்பான வடிவம் அதுவல்ல. அதனால்தான் கல்லுப்பு என்கிறேன். இன்னொன்று, உப்புநீர் தட்டின் சுவர் வழியே ஊர்ந்து ஏறி, விளிம்பைத் தாண்டி மேசைக்கே வந்துவிடும். விளிம்பில் சுற்றிலும் கொஞ்சம் வாஸ்லின் தடவி, அடியில் ஒரு தாம்பாளம் வைத்துவிட்டால் வீட்டில் பேச்சு வாங்காமல் தப்பிக்கலாம்.

நம் தீவுக்கென்று ஒரு சங்கதி இருக்கிறது. வெளிநாட்டுப் புத்தகங்களில் இருந்து எடுத்த குறிப்புகளில் இது வருவதில்லை. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தெவிட்டிய உப்புநீர், அதாவது இனிமேல் உப்பு கரையாத அளவுக்குக் கரைந்த நீர், காயாது. மாறாகக் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். போர்ட் லூயிஸிலும் மேற்குக் கரையிலும் குளிர்காலத்தில் தட்டு ஒரு வாரத்தில் காய்ந்துவிடும். மேட்டுநிலத்துக் கியூர்பிப்பிலும் வக்வாவிலும் மழையும் மூடுபனியுமான வாரத்தில் அதே தட்டு அப்படியே நிற்கும், சில நாள் மட்டம் ஏறக்கூடச் செய்யும். மேட்டுநிலத்துப் பிள்ளைகள் தட்டை ஐஸ் கட்டாத வகைக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் திறந்தபடி வைக்கலாம். உள்ளே சுற்றும் காற்று வறண்டது என்பதால் மெதுவாகவேனும் காயும். கடல் உப்பில் ஒட்டியிருக்கும் மக்னீசியம் குளோரைடு இன்னும் அதிகமாக ஈரம் இழுக்கும். கடைசித் துளிவரை காய வைக்க முயல வேண்டாம். கால் பங்கு நீர் மிச்சம் இருக்கும்போதே படிகங்களைக் கரண்டியில் எடுத்து, தாளில் ஒற்றி உலர்த்திவிடுங்கள்.

படிகாரம்தான் முதல் முயற்சிக்கு ஏற்றது. பிள்ளைகளுக்கு இதைத்தான் முதலில் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பூசைச் சாமான் கடையிலோ மருந்துக் கடையிலோ கேட்டுப் பாருங்கள். சவரத்துக்குப் பிறகு தேய்க்கும் கட்டியும் படிகாரம்தான். ஆனால் கிளிசரினோ வாசனையோ கலந்ததாக இருந்தால் அது உதவாது. 100 மில்லி வெந்நீரில் 20 கிராம் பொடித்த படிகாரத்தைக் கரைத்து, வடித்து, ஒரு சாஸரில் மெல்லிய படலமாக ஊற்றி இரவு முழுவதும் விட்டால், காலையில் அடியில் 2 முதல் 4 மில்லிமீட்டர் அளவில் சிறு படிகங்கள் கிடக்கும். ஒன்றோடொன்று ஒட்டாமல், தெளிவாக, முனை மழுங்காமல் இருப்பதில் ஒன்றைப் பொறுக்கி எடுங்கள். அதுதான் விதை. விதையில் இருக்கும் குறை வளர்ந்த பிறகும் போகாது. அவசரப்பட்டு இரட்டையாக ஒட்டியதை எடுத்தால் கடைசியில் கிடைப்பது ஒரு முண்டு முடிச்சுத்தான்.

விதையைக் கட்ட வெறும் தையல் நூல் வேண்டாம். பஞ்சு நூலின் ஒவ்வொரு இழையிலும் படிகம் முளைத்துவிடும். மெல்லிய மீன்பிடி நைலான் இழை போதும். இனி வளர்க்கும் கரைசல். 400 மில்லி வெந்நீருக்கு 65 கிராம் படிகாரம். அதைக் கண்ணாடிப் போத்தலில் வடித்து, அறை வெப்பத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். பெரும்பாலும் தவறுவது இந்த இடத்தில்தான். கைக்கு இளஞ்சூடு தெரியும்போதே விதையை இறக்கினால், இன்னும் தெவிட்டாத நீர் அதைக் கரைத்துவிடும். மறுநாள் வெறும் முடிச்சுத்தான் இருக்கும். சந்தேகம் இருந்தால் முதலில் ஒரு உதவாக்கரைச் சில்லைப் போட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் அதன் முனைகள் மழுங்காமல் இருந்தால் விதையை இறக்கலாம். சில்லைச் சுற்றி வெப்பக் காற்றுப்போல நெளிநெளியாக இழைகள் கீழே இறங்கினால் அது கரைகிறது என்று அர்த்தம். மேலே எழும்பினால் வளர்கிறது என்று அர்த்தம். வளரும் இடத்தில் நீர் லேசாகிவிடுவதால் அது மேலே போகிறது. விளக்கை எதிர்ப்பக்கம் வைத்துப் பார்த்தால் தெரியும்.

விதை போத்தலின் நடுவில் தொங்க வேண்டும், சுவரையோ அடியையோ தொடக்கூடாது. வாயைத் தாளால் மூடி ரப்பர் பட்டை போட்டுவிடுங்கள். தூசி விழுந்தால் ஒவ்வொரு துகளும் ஒரு புது விதையாகும். தளம் போட்ட வீடுகளில் பிற்பகலில் அறை 4, 5 டிகிரி ஏறி இறங்கும். பகலில் கொஞ்சம் கரைந்து இரவில் கொஞ்சம் வளர்ந்தால் முகங்கள் சொரசொரப்பாகிப் பால்நிறம் படரும். கடற்கரைக்கு எடுத்துப் போகும் ஐஸ் பெட்டிக்குள் (ஐஸ் இல்லாமல்தான்) போத்தலை வைத்தால் வெப்பம் ஒரே நிலையில் நிற்கும். போத்தலின் அடியில் வேறு படிகங்கள் முளைத்தால் அவை விதையின் பங்கைத் தின்றுவிடும். விதையை வெளியே எடுத்துவிட்டு, கரைசலையும் அடியில் உள்ளதையும் சேர்த்துச் சூடாக்கிக் கரைத்து, ஆற வைத்து மறுபடி தொடங்குங்கள். சில வாரங்களில் எட்டு முக்கோண முகங்கள் கொண்ட தெளிந்த கல் ஒன்று கிடைக்கும். நகப்பூச்சில் நிறமற்றதை ஒரு மேல்பூச்சாகக் கொடுத்தால், வறண்ட காற்றில் உள்நீரை இழந்து வெளுத்துப்போகாமல் இருக்கும்.

சீனிக்கு வருகிறேன். சீனித் தீவில் பிள்ளைகளுக்குக் கற்கண்டு செய்யக் காட்டாமல் இருக்க முடியாது. ஆனால் நாம் பெருமையாகச் சொல்லும் மஸ்கவாடோ, தெமெராரா என்ற பழுப்புச் சீனிகள் இதற்கு உதவா. அவற்றில் மிஞ்சியிருக்கும் கழிவுப்பாகு படிகமாவதைத் தடுக்கும். சுத்திகரித்த வெள்ளைச் சீனி 650 கிராம், தண்ணீர் 250 மில்லி. மிதமான சூட்டில் கிளறிக் கரைத்து, தெளிந்ததும் இறக்கிவிடுங்கள். தளதளவென்று நேரம் கழியக் கொதிக்கவிட்டால் நீர் வற்றி, போத்தல் முழுவதும் ஒரே கட்டியாக இறுகும். எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டும் கூடாது. குலாப் ஜாமூன் பாகு உறையாமல் இருக்க நாம் அதைச் சேர்ப்பதன் காரணமே, புளிப்பு சீனியைக் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்று உடைத்து உறைவதைக் கெடுக்கிறது என்பதுதான்.

மூங்கில் குச்சியை நனைத்து, சீனியில் புரட்டி, ஓர் இரவு முழுவதும் காய வைக்க வேண்டும். ஈரம் போகாமல் பாகில் இறக்கினால் ஒட்டிய சீனி உதிர்ந்து அடியில் போய்ச் சேரும். பிறகு அடிதான் வளரும், குச்சி வளராது. பாகு ஆறிய பின், துணிக் கிளிப்பில் குச்சியைப் பிடித்து, அடியிலிருந்து 3 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும்படி வையுங்கள். போத்தலை ஒரு தட்டுத் தண்ணீரில் நிறுத்த மறக்க வேண்டாம். எறும்புக்கு இந்தச் செய்தி நமக்கு முன்பே தெரிந்துவிடும். மேலே ஏடு கட்டினால் கரண்டிக் காம்பால் மெல்ல உடைத்து எடுத்துவிட்டு, மற்றபடி ஒரு வாரம் போத்தலை நகர்த்தாதீர்கள். சர்க்கரை ஆலையில் நடப்பதும் இதே வேலைதான். அங்கே வெற்றிடக் கலத்தில் குறைந்த வெப்பத்திலேயே பாகை வற்றவைத்து, நுண்ணிய சீனித்தூளை விதையாகப் போட்டு வளர்த்து, சுழல் எந்திரத்தில் கழிவுப்பாகைப் பிரிக்கிறார்கள். பிறகு போ பிளானில் உள்ள சர்க்கரை அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போனால், பழைய ஆலையின் கலங்கள் எதற்கென்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

ஒரு வாரம் பொறுக்காத சின்னப் பிள்ளைகளுக்கு மருந்துக் கடை எப்சம் உப்பு. 100 மில்லி வெந்நீரில் 110 கிராம், கரைத்துக் குளிர்பெட்டியில் வைத்தால் சில மணி நேரத்தில் ஊசி ஊசியாக நிறைந்துவிடும். கசக்கும், வயிற்றைப் போக்கும், நக்க விடாதீர்கள்.

பாதுகாப்பு பற்றித் தங்கள் குறிப்பில் ஒரு வரியும் இல்லை. சூடான சீனிப்பாகு தோலில் ஒட்டிக்கொண்டு வெந்நீரைவிட மோசமாகச் சுடும். ஊற்றுவது பெரியவர் வேலை. படிகாரத்தையும் உப்புநீரையும் அலுமினியப் பாத்திரத்தில் காய்ச்சினால் பாத்திரம் அரிக்கும், எவர்சில்வர் அல்லது கண்ணாடி நல்லது. படிகாரம் தொட்ட பாத்திரத்தில் கற்கண்டு செய்ய வேண்டாம். நீலநிறம் அழகாக இருக்கிறதென்று மயில்துத்தத்தைச் சமையலறைக்குள் கொண்டுவரும் ஆலோசனையை எங்கே கண்டாலும் ஒதுக்குங்கள். அது நஞ்சு. வேலை முடிந்த உப்புக் கரைசலைச் செடிக்கு ஊற்றாதீர்கள், செடி கருகும்.

அடுத்த முறை இத்தகைய குறிப்பை வெளியிடும்போது கோப்பைக் கணக்கை விட்டுவிட்டுக் கிராமில் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு கோப்பைத் தூள் உப்பும் ஒரு கோப்பைக் கல்லுப்பும் ஒரே எடை அல்ல. மாதத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் குறிப்பு வந்தது சூறாவளிக் காலத்தின் நடுவில். அப்போது கரையோரத்தில்கூட உப்பு காயத் திணறும். ஜூன் தொடங்கி அக்டோபர் வரை, குளிர்கால விடுமுறையை ஒட்டி வெளியிட்டால் மூன்றும் கைகூடும்.

இங்ஙனம்,
வேதியியல் ஆசிரியர் ஒருவர்,
ரோஸ் ஹில், மொரிஷியஸ்