ஐந்தாவது புத்தகத்தை விட்டுவிடாதே

அன்புள்ள மகளுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீயும் மருமகனும் பேரனும் சுகமாயிருக்க நல்லூரானை வேண்டுகிறேன். அப்பாவின் முழங்கால் நோ இப்போது பரவாயில்லை, பின்னேரங்களில் கோயில் மட்டும் நடந்து போய் வருகிறார்.

திருவிழாவுக்கு வந்தவர்களிடம் நீ கொடுத்துவிட்ட ஹரி பொட்டர் புத்தகங்களில் ஐந்தாவதை நேற்று முடித்தேன். முதல் மூன்றும் விறுவிறுவென்று போயின. நாலாவது போட்டியும் டிராகனுமாக நன்றாகவே இருந்தது. ஐந்தாவதுதான் என்னைப் பிடித்து இருத்திவிட்டது. “அதில அவன் முழுக்கக் கத்திக்கொண்டே இருப்பான் அம்மா, வேணுமெண்டால் விட்டுட்டு ஆறாவதுக்குப் போங்கோ” என்று போனில் சொன்னாயே, நான் விடவில்லை.

ஏழிலும் இதுதான் நீளம், 38 அத்தியாயம். பொன்னியின் செல்வனிலும் ஐந்தாம் பாகம்தான் நீளம், 91 அத்தியாயம். தாத்தா கல்கியில் வந்ததை வாரம் வாரமாய்க் கிழித்துச் சேர்த்துக் கட்டி வைத்திருந்தார். 1995 ஒக்டோபர் யாழ்ப்பாண இடப்பெயர்வோடு அதுவும் போயிற்று. அதைப் படித்து வளர்ந்ததாலோ என்னவோ, நீண்ட கதை என்றால் எனக்குப் பின்பாகங்கள்தான் பிடிக்கும். முதலில் சும்மா வந்துபோன ஆட்கள் அங்கேதான் முழு மனிதர்களாகிறார்கள்.

ஹரியோடு படிக்கிற நெவிலைப் பார். நாலு புத்தகமாய் எதையாவது தொலைத்துக்கொண்டு திரிந்த பொடியன். இதில் ஆஸ்பத்திரியில் தாயைப் பார்க்கப் போகிறான். சித்திரவதையில் புத்தி பேதலித்துப்போன தாய். பேசாமல் வந்து, ஒரு சுவிங்கம் தாளை மகனின் கையில் வைக்கிறாள். வெறும் தாள். குப்பையில் போடு என்கிறாள் பாட்டி. அவனோ அதைப் பைக்குள் வைத்துக்கொள்கிறான். அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டேன், அதற்குமேல் உடனே வாசிக்க முடியவில்லை.

சரி, கத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். ஹரிக்கு வயது 15. போன ஆனியில் கூடப் படித்தவன் அவன் கண்முன்னே செத்தான். கோடை முழுக்க ஒருவரும் அவனுக்கு ஒன்றும் சொல்லவில்லை. பத்திரிகை அவனைப் பொய்யன் என்று எழுதுகிறது. பள்ளிக்கூட அதிபர் டம்பிள்டோர் முகம் கொடுத்தும் பேசுகிறாரில்லை. கத்தாமல் என்ன செய்வான்? இடம்பெயர்ந்து திரும்பி வந்த பிள்ளைகளுக்குப் படிப்பித்தவள் நான். நன்றாயிருந்த பொடியன் திடீரென்று கொப்பியைக் கிழித்தெறிவான், என்னடா என்று கேட்டால் பதில் வராது. ஹரியை வாசிக்கும்போது அந்த வகுப்பைத்தான் பார்த்தேன். எழுதியவர் அந்தக் கோபத்தை அழகுபடுத்தாமல் விட்டதுதான் எனக்குப் பெரிதாய்ப் படுகிறது.

அந்தத் தெஸ்ட்ரல் குதிரைகளும் அப்படித்தான். முந்தின வருஷங்களில் தானாக ஓடிய வண்டிகளை, எலும்பும் தோலுமான கறுத்தக் குதிரைகள் இழுப்பது இப்போது ஹரிக்குத் தெரிகிறது. சாவைப் பார்த்தவர்களுக்கு மட்டும்தான் அவை தெரியும். படிப்பிக்கிற ஹேக்ரிட் மாட்டிறைச்சி வைத்துக் கூப்பிடும்போது மற்றப் பிள்ளைகளுக்குத் தெரிவது இறைச்சி துண்டு துண்டாக மறைவது மட்டுமே. வகுப்பில் மூன்று பேருக்குத்தான் குதிரை தெரிகிறது. எங்கள் ஊர் வகுப்பு என்றால் எத்தனை பிள்ளைகள் கை தூக்கியிருப்பார்கள் என்று யோசித்துப் பார்.

இடையில் வந்து அதிபராகிற அம்பிரிட்ஜ் அம்மாவைப் பற்றி எழுதப் போவதில்லை. அப்படியான அதிபரின் கீழ் வேலை செய்த எந்த ஆசிரியைக்கும் அந்த இளஞ்சிவப்பு உடுப்பைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

ஆனால் ஹரியின் சிநேகிதன் ரொனின் தாய் வீஸ்லி அம்மாவைப் பற்றி எழுதாமல் முடியாது. பழைய மேசைக்குள் இருக்கும் போகார்ட்டை விரட்டப் போகிறாள். எதிரே நிற்பவரின் பயம் எதுவோ அதுவாய் மாறுகிற பிராணி. அவளுக்கு முன்னால் ரொன் செத்துக் கிடக்கிறான். மந்திரத்தைச் சொல்லச் சொல்லப் பில், புருஷன், இரட்டையர், பேர்சி, ஹரி என்று ஒவ்வொரு பிணமாய் மாறுகிறது. வகுப்பில் சின்னப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு செய்த மந்திரம், ஏழு பிள்ளை பெற்ற அவளுக்கு வேலை செய்யவில்லை. பேர்சி அப்போது சண்டை பிடித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போனவன், ஹரி அவள் பெறாத பிள்ளை. அந்த இரண்டு பேரையும் அந்த வரிசையில் வைத்த கையை எனக்குக் கும்பிட வேண்டும் போலிருந்தது. பொம்மர் சத்தம் கேட்டு பங்கருக்குள் இறங்கினால், உன் தலையையும் தம்பி தலையையும் தடவிப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வரும். இன்றைக்கும் லண்டனில் ஏதும் நடந்தது என்று செய்தி வந்தால் கை தானாகப் போனைத் தேடுகிறது.

நீ அதை வாசித்தபோது ஹரியின் வயது உனக்கு. இப்போது நீயும் ஒரு தாய். அந்த ஒன்பதாம் அத்தியாயத்தை மட்டுமாவது திரும்ப எடுத்து வாசி. பேரன் இந்த வரிசையைத் தொடங்கும்போது, நீளம் என்று சொல்லி ஐந்தாவதை அவன் விட்டுவிடப் பார்ப்பான். விடாதே, பக்கத்தில் இருந்து வாசித்துக் காட்டு.

நாளைக்கு ஆறாவதைத் தொடங்குகிறேன். ஞாயிற்றுக்கிழமை போன் எடுக்கும்போது அதில் யாருக்கு என்ன நடக்கிறது என்று வாய்தவறியும் சொல்லிவிடாதே. தம்பியிடமும் சொல்லி வை.

அன்புடன்,
அம்மா