‘கல்பனா’ படத்தின் நடன இசையை ஏட்டில் ஏற்ற ஒரு நன்கொடை வேண்டுகோள்

இசை, நடன ஆர்வலர்கள் அனைவருக்கும் எங்கள் குழுவின் வணக்கம்.

நடனக் கலைஞர் உதயசங்கர் இயக்கிய ஒரே திரைப்படமான ‘கல்பனா’ 1948இல் வெளிவந்தது. அது உருவானது நம் சென்னையில், ஜெமினி ஸ்டூடியோவில். ஸ்டூடியோ மறைந்துவிட்டாலும் அது இருந்த இடத்து மேம்பாலத்தை இன்றும் ஜெமினி மேம்பாலம் என்றே சொல்கிறோம். ஒளிப்பதிவு கே. ராம்நாத், நடிகை பத்மினி முதன்முதலில் திரையில் தோன்றியதும் இந்தப் படத்தில்தான்.

இப்படத்திற்கு இசையமைத்தவர், இந்துஸ்தானி இசைக் கலைஞர் விஷ்ணு திகம்பர் பலுஸ்கரிடம் பயின்றவரும் உதயசங்கர் குழுவோடு பல நாடுகள் சென்றவருமான விஷ்ணுதாஸ் ஷிராலி. ஆடலை முதலில் அமைத்துக்கொண்டு அதன் அசைவுகளுக்கு ஏற்ப இசையைக் கட்டுவது அந்தக் குழுவின் முறை. ஆகவே இந்த இசையைக் கூர்ந்து கேட்பவருக்கு, படத்தைப் பார்க்காமலேயே, ஆடுபவரின் பாதம் எங்கே ஊன்றுகிறது, எங்கே தயங்குகிறது என்பது புலப்படும். 1930களின் இறுதியில் தொடங்கிச் சில ஆண்டுகளிலேயே மூடப்பட்ட உதயசங்கரின் அல்மோரா கலை மையத்தில் சங்கரன் நம்பூதிரி கதகளியும், அமோபி சிங் மணிப்புரியும், பாலசரஸ்வதியின் ஆசிரியரான கந்தப்பப் பிள்ளை பரதநாட்டியமும், அலாவுதீன் கான் இசையும் கற்பித்தார்கள். இத்தனை மரபுகள் ஒரே கூரையின்கீழ் பழகியதன் பயன் ‘கல்பனா’வின் ஒலியில் கேட்கிறது. குறிப்பாக, ஆலை இயந்திரங்களின் இயக்கத்தை உடலசைவாக்கிய ‘உழைப்பும் இயந்திரமும்’ பகுதியில் தாளமே கதை சொல்கிறது என்பது எங்கள் கருத்து.

படம் நற்பேறு பெற்றது. உலகத் திரைப்பட அறக்கட்டளையின் முயற்சியால் மீட்டெடுக்கப்பட்டு, 2012இல் பிரான்சின் கான் திரைப்பட விழாவில், உதயசங்கரின் மனைவியும் படத்தின் நாயகியுமான அமலா சங்கர் முன்னிலையில் திரையிடப்பட்டது. ஆனால் அக்காலப் படங்களின் ஒலி, பிலிமின் ஓரத்தில் ஒரு மெல்லிய கோடாகப் பதிக்கப்பட்டது. படச்சுருள் தேயத் தேய அந்தக் கோடும் தேயும். இரைச்சலுக்கு அடியில் மங்கிக் கிடக்கும் ஒரு சொற்கட்டை, அதாவது தாளச் சொற்களின் கோவையை, பழகிய செவிதான் பிரித்தறிய முடியும். கேட்டதை எழுதி வைத்தால்தான் இன்றைய மாணவர் அதற்கு ஆட முடியும்.

அதற்காக, தாள வாத்தியக் கலைஞர்கள் இருவரும் சரோத், குழல் கலைஞர்கள் இருவரும் ஓராண்டு அமர்ந்து, நடனப் பகுதிகளின் இசையை ஸ்வர, தாளக் குறிப்புகளாக எழுதவுள்ளனர். உரிமை உடையவர்களிடம் எழுத்து மூலம் அனுமதி பெற்ற பின்னரே அச்சிடுவோம்; மேடையில் வாசிப்பதும் அதன் பிறகே. கலைஞர்களின் ஊதியம், ஒலிக்கூட வாடகை, அச்சுச் செலவு ஆகியவற்றிற்கு 6,00,000 ரூபாய் தேவைப்படுகிறது. இதில் பெரும்பகுதி ஊதியமே. கலைஞர்களிடம் இலவச உழைப்பைக் கேட்பதில்லை என்று முதல் கூட்டத்திலேயே முடிவு செய்தோம்.

நூறு ரூபாயாயினும் நன்றியுடன் ஏற்று ரசீது வழங்குவோம். வரவு செலவுக் கணக்கை மூன்று மாதத்திற்கு ஒருமுறை நன்கொடையாளர் அனைவருக்கும் அனுப்புவோம். ஆயிரம் ரூபாயும் அதற்கு மேலும் அளிப்போருக்கு அச்சான குறிப்பேட்டின் ஒரு படி வீடு வந்து சேரும்.

பணம் அளிக்க இயலாதவர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. அந்நாளில் ஜெமினியில் வாசித்த கலைஞர்களின் வழிவந்தவர்கள், தங்கள் வீட்டுப் பரணில் பழைய ஸ்வரக் குறிப்பேடோ புகைப்படமோ இருந்தால் எங்களுக்குத் தெரிவியுங்கள். நாங்களே நேரில் வந்து, உங்கள் கண்முன்னே படியெடுத்துக்கொண்டு, மூலத்தை அங்கேயே உங்கள் கையில் ஒப்படைப்போம்.