செவ்வாயில் நம்ம தேரி

அன்புள்ள அண்ணனுக்கும் மதினிக்கும்,

இங்கே எல்லாரும் சுகம். பாஸ்டன் பக்கம் குளிர் இன்னும் விட்டபாடில்லை, பிள்ளையை வெளியே விளையாட விட முடியாது, வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தால் வீடு தாங்காது, அதனால் சனிக்கிழமையானால் எங்காவது கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். இங்கே ஊர் நூலகத்தில் புத்தகத்தோடு அருங்காட்சியகப் பாஸும் இரவல் தருகிறார்கள், டிக்கெட் காசு நிறைய மிச்சம். அப்படித்தான் போன வாரம் ஒரு அறிவியல் அருங்காட்சியகத்துக்குப் போனோம். அங்கே செவ்வாய் கிரகத்துக்கென்றே ஒரு பெரிய கூடம்.

உள்ளே போனதும் சுவர் முழுக்க ஒரு போட்டோ, 2012இல் அங்கே இறங்கிய நாசாவின் கியூரியாசிட்டி வண்டி எடுத்தது. அண்ணே, சத்தியமாக நம்ம இட்டமொழிச் செம்மணல் தேரிதான்! காற்று வரி வரியாக இழுத்துவிட்ட மணல், கண்ணுக்கு எட்டிய மட்டும் ஆள் அரவம் கிடையாது, பனையும் உடைமரமும்தான் குறை. நிறம் மட்டும் அங்கே கொஞ்சம் காவி, நம்ம தேரி இன்னும் நல்ல சிவப்பு. இரண்டுக்கும் அந்த நிறம் இரும்புத் துருவால் வந்ததுதான்.

அந்த வண்டியின் சக்கரம் ஒன்றை மாதிரியாகச் செய்து தொட்டுப் பார்க்க வைத்திருந்தார்கள். அரை மீட்டர் விட்டம், அலுமினியத் தகடு, அதன் கனம் முக்கால் மில்லிமீட்டர்தான். விரலால் சுண்டினால் டங்கென்கிறது. கிட்டத்தட்ட 900 கிலோ வண்டியை இந்தத் தகடா சுமக்கிறது என்று நினைத்துக்கொண்டே திருப்பிப் பார்த்தால், நிஜச் சக்கரத்தில் கூரான பாறை குத்திக் கிழித்த ஓட்டைகளையும் அப்படியே அதில் காட்டியிருக்கிறார்கள். வேண்டுமென்றே போட்ட ஓட்டைகளும் உண்டு. வண்டியைச் செய்த ஜேபிஎல் ஆய்வுக்கூடத்தின் பெயரைப் புள்ளியும் கோடுமான மோர்ஸ் குறியில் வெட்டியிருக்கிறார்கள், உருளும்போது அது மண்ணில் பதிந்துகொண்டே போகும். குறும்புக்காரர்கள்தான், ஆனால் அந்தத் தடத்தைப் பார்த்தே வண்டி எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்றும் கணக்குப் பார்த்துக்கொள்கிறார்களாம்.

இவன் பொத்தானை அமுக்கி ஒரு பொம்மை வண்டியை ஓட்டினான். அமுக்கிக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது நகர்கிறது, கெட்டுப்போய்விட்டது என்று ஒரே அழுகை. பிறகுதான் பலகையில் பார்த்தோம், நிஜத்தில் இங்கிருந்து சிக்னல் போய்ச் சேரவே 3 முதல் 22 நிமிடம் ஆகுமாம், அதனால் யாரும் உட்கார்ந்து ஸ்டியரிங் பிடித்து ஓட்டுவதில்லை, ஒரு நாளைக்கான வேலையை மொத்தமாக எழுதி அனுப்பிவிடுகிறார்கள்.

அப்புறம் ஒரு எடை மெஷின். மதினி, செவ்வாய்க்குப் போனால் நான் 26 கிலோதான்! இங்கே 68 என்பதை அண்ணனிடம் சொல்ல வேண்டாம்.

எனக்கு ஒரே ஒரு வருத்தம். இத்தனை பெரிய கூடத்தில் நம்ம இஸ்ரோவின் மங்கள்யானுக்கு மூலையில் ஒரு சின்னப் பலகை, அதில் இரண்டு வரி. 2013 நவம்பரில் கிளம்பி, 300 நாள் தூங்கிக் கிடந்த எஞ்சினை எழுப்பி, 2014 செப்டம்பர் 24இல் முதல் முயற்சியிலேயே செவ்வாயைச் சுற்றவிட்டார்கள், அதுவும் வெறும் 450 கோடிச் செலவில். அந்தத் திட்ட இயக்குநர் சுப்பையா அருணன் நம்ம திருநெல்வேலி மாவட்டத்துக்காரர். அதை ஏற்றிப்போன பிஎஸ்எல்வி ராக்கெட்டின் விகாஸ் எஞ்சினைச் சோதிக்கிற இடம், காவல்கிணறு போகும்போது தெரியுமே, அந்த மகேந்திரகிரிதான். பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்காரப் பாட்டியைப் பிடித்து இதையெல்லாம் சொல்லிவிட்டேன். அவரும் பொறுமையாகத் தலையாட்டிக் கேட்டார். எங்க வீட்டுக்காரர் என்னவென்றால் அந்தப் பக்கமே வராமல் தூரத்தில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தேரி மண் வேண்டும், மாமாவை அனுப்பச் சொல்லு என்று பிள்ளை ஒற்றைக்காலில் நிற்கிறான். அவன் கேட்டான் என்று பார்சலில் வைத்துவிடாதீர்கள் அண்ணே, வெளிநாட்டு மண்ணை இங்கே உள்ளே விட மாட்டார்கள். செவ்வாய் மண்ணுக்கும் அதே கதிதான், அங்கே இருக்கிற இன்னொரு வண்டி, பெர்சிவரன்ஸ், குழாய் குழாயாக அடைத்து வைத்திருக்கிறது, எடுத்துவர ஆளில்லை. நீங்கள் ஒருநாள் வெயில் தாழ இட்டமொழிப் பக்கம் போய் நாலு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுங்கள், அவன் பள்ளிக்கூடத்தில் காட்ட வேண்டுமாம். பார்சலில் உடன்குடிக் கருப்பட்டி இரண்டு கிலோ போதும், சுக்குச் சேர்த்ததாக இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் தங்கச்சி